நோய் போன பிறகு

திருப்பதியில் எப்போதும் கூட்டம் இருக்கும். ரயிலிலும் பஸ்ஸிலும் மக்கள் வந்து இறங்கிக்கொண்டே இருப்பார்கள். தெருவோரத்தில் பெண்கள் பூக் கட்டுவார்கள். ஆட்டோக்காரர்கள் சவாரி கூப்பிடுவார்கள். டீக்கடை அடுப்பு இரவிலும் அணையாது.

2020-ஆம் ஆண்டு மார்ச் 20-ஆம் தேதி இந்தக் கூட்டம் நின்றது. கொரோனா நோய் பரவியதால் திருமலைக் கோயிலுக்குப் பக்தர்கள் வர வேண்டாம் என்று அறிவித்தார்கள். உள்ளே பூஜைகள் வழக்கம்போல் நடந்தன. ஆனால் தரிசனம் இல்லை. சுமார் 80 நாட்கள் இப்படியே போயின. ஜூன் 11-ஆம் தேதிதான் மறுபடியும் பொதுமக்களை அனுமதித்தார்கள். அப்போதும் நாளுக்குச் சில ஆயிரம் பேரை மட்டுமே விட்டார்கள்.

சாமி தரிசனம் நின்றால் பூ வேண்டாம். ஆட்டோ வேண்டாம். தங்கும் விடுதியில் துணி துவைக்க ஆள் வேண்டாம். ஒரு மலையை நம்பி எத்தனை அடுப்புகள் எரிந்தன என்பது அந்த 80 நாட்களில் தெரிந்தது.

இப்போது கூட்டம் திரும்பிவிட்டது. முகக் கவசம் கட்டியவர்களைப் பார்ப்பதே அரிது. 2023 மே மாதம் 5-ஆம் தேதி, உலக அளவிலான அவசர நிலை முடிந்தது என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது.

நோய் அடங்கியது உண்மைதான். ஆனால் நோய் எடுத்துப் போன எல்லாம் திரும்பி வந்துவிட்டதா? இதுதான் கேள்வி.

உழைப்பின் பலன்

ஓர் உதாரணம் பார்ப்போம். சித்தூர்ப் பக்கம் நகரி என்ற ஊர் இருக்கிறது. அங்கே விசைத்தறிகள் நிறைய உண்டு. அங்கே ஒரு நெசவுக் குடும்பம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் நான்கு தறிகள். கணவர் தறி பார்க்கிறார். மனைவி தார் சுற்றிக் கொடுக்கிறார். மகன் எட்டாம் வகுப்புப் படிக்கிறான். ஒரு தறியில் நாளுக்கு 40 மீட்டர் துணி இறங்குகிறது. நான்கு தறிக்கும் சேர்த்து 160 மீட்டர். மீட்டர் கணக்கில்தான் கூலி.

2021-ல் கணவருக்குக் கொரோனா வருகிறது. ஆஸ்பத்திரியில் பத்து நாள் இருந்து பிழைத்து வருகிறார். இரண்டு மாதம் கழித்துத் தறியில் நிற்கிறார். பழையபடி காலையில் வருகிறார். பழையபடி இரவில் போகிறார். ஆனால் மூச்சு வாங்குகிறது. அறுந்த நூலைப் பிணைக்கக் குனிந்தால் தலை சுற்றுகிறது. நான்கு தறிக்கும் ஓட முடியவில்லை. இரண்டு தறிதான் பார்க்கிறார். 80 மீட்டர் துணிதான் இறங்குகிறது.

அதே ஆள். அதே நேரம். ஆனால் பலன் பாதி.

ஒருவர் ஒரு நாளில் எவ்வளவு வேலையை முடிக்கிறார் என்பதைத்தான் 'உற்பத்தித் திறன்' என்று சொல்கிறார்கள். இந்த நெசவாளி வேலைக்குப் போகிறார். எந்தக் கணக்கெடுப்பிலும் அவர் 'வேலை உள்ளவர்' என்றுதான் எழுதப்படுவார். ஆனால் அவருடைய உற்பத்தித் திறன் பாதியாகிவிட்டது. வீட்டுச் சோற்றுப் பானைக்கு அது தெரியும்.

ஊரடங்கால் வந்த நஷ்டம் எல்லோருக்கும் தெரியும். 2020 ஏப்ரல் முதல் ஜூன் வரை மூன்று மாதங்களில் நாட்டின் மொத்த உற்பத்தி, முந்தைய ஆண்டைவிட ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு குறைந்தது. தறியும் கடையும் திறந்தபோது அந்த நஷ்டம் நின்றது. ஆனால் நோயால் வரும் இன்னொரு நஷ்டம் மெதுவாக வரும். சத்தமில்லாமல் வரும். பல வருஷம் நிற்கும்.

நூறு வருஷத்துக்கு முன்னால்

இது நம் நாட்டுக்குப் புதிதல்ல. 1918-ல் ஒரு விஷக் காய்ச்சல் வந்தது. அதை 'இன்ஃபுளூயன்சா' என்றார்கள். முதல் உலகப் போர் முடியும் சமயம் அது. கப்பலில் பம்பாய்க்கு வந்த காய்ச்சல், ரயில் பாதை போன இடமெல்லாம் போனது. அப்போது சித்தூர் மாவட்டம் சென்னை மாகாணத்தில் இருந்தது. சென்னை மாகாணமும் தப்பவில்லை. அந்த ஆண்டு மழையும் பொய்த்தது. பசியும் நோயும் சேர்ந்துகொண்டன.

இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 1911-ல் இன்றைய இந்தியப் பகுதியின் மக்கள் தொகை சுமார் 25 கோடியே 20 லட்சம். பத்து வருஷம் கழித்து, 1921-ல், அது சுமார் 25 கோடியே 13 லட்சம். கணக்கெடுப்பு வரலாற்றில் மக்கள் தொகை குறைந்த பத்தாண்டு அது ஒன்றுதான்.

வழக்கமாகக் காய்ச்சல் வந்தால் குழந்தைகளும் முதியவர்களும்தான் அதிகம் இறப்பார்கள். இந்தக் காய்ச்சல் வேறு மாதிரி. 20 வயது முதல் 40 வயது வரை உள்ளவர்களை அதிகமாகக் கொன்றது. ஏர் பிடிக்கிறவர்கள், நாற்று நடுகிறவர்கள், பிள்ளை பெற்று வளர்க்கிறவர்கள் போய்விட்டார்கள்.

பிறகு வயல் என்ன ஆயிற்று? தியோடர் சுல்ட்ஸ் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் இதை ஆராய்ந்தார். 1964-ல் அதை ஒரு நூலில் எழுதினார். காய்ச்சலுக்கு முன், 1916-17-ல் விதைத்த நிலத்தைப் பார்த்தார். காய்ச்சல் போன பின், 1919-20-ல் விதைத்த நிலத்தைப் பார்த்தார். விவசாயத்தில் உழைத்தவர்களில் நூற்றுக்கு எட்டுப் பேர் குறைந்திருந்தார்கள். நூறு ஏக்கர் விதைத்த இடத்தில் சுமார் 96 ஏக்கர்தான் விதைத்திருந்தார்கள். எங்கே சாவு அதிகமோ, அங்கே நிலமும் அதிகம் தரிசாகக் கிடந்தது.

சுல்ட்ஸ் இதிலிருந்து எடுத்த முடிவை நம் நாட்டுப் பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென் 1967-ல் மறுத்து எழுதினார். அறிஞர்கள் இப்படி வாதாடுவது உண்டு. ஆனால் நோய் போன பிறகும் வயலில் அதன் தடம் இருந்தது என்பது நமக்குத் தெரிய வேண்டிய செய்தி.

மண் அப்படியே இருந்தது. விதைக்கக் கை இல்லை.

முதல் இழப்பு: உடம்பு

கொரோனா எத்தனை பேரைக் கொண்டுபோனது? இந்திய அரசின் கணக்கில் 5 லட்சத்து 30 ஆயிரத்துக்கும் மேல். 2020, 2021 இரண்டு ஆண்டுகளில் சுமார் 47 லட்சம் பேர் கூடுதலாக இறந்திருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. அந்த மதிப்பை இந்திய அரசு ஏற்கவில்லை.

இறந்தவர்களை எண்ணுகிறோம். பிழைத்தவர்களின் நிலை என்ன?

சித்தூருக்குப் பக்கத்து ஊர் வேலூர். சித்தூர் மக்கள் பலர் வைத்தியத்துக்கு அங்கே போவது வழக்கம். அங்குள்ள கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரி டாக்டர்கள், கொரோனா வந்து தேறிய 207 பேரைச் சோதித்தார்கள். முடிவு 2024-ல் வெளியானது. காற்றில் உள்ள பிராணவாயுவை ரத்தத்தில் சேர்ப்பது நுரையீரலின் வேலை. நூற்றுக்கு 44 பேருக்கு அந்த வேலை குறைந்திருந்தது. பலருக்குக் காலம் போகப் போகச் சரியாகும். சிலருக்கு நாளாகும்.

நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்கிறவர் மூச்சு வாங்கினால் சிறிது நிறுத்திக்கொள்ளலாம். மாந்தோப்பில் கூடை தூக்குகிறவர் என்ன செய்வார்? தறியில் நிற்கிறவர் என்ன செய்வார்? உடம்பை மூலதனமாக வைத்துப் பிழைப்பவருக்குத்தான் நோயின் நஷ்டம் அதிகம். சுவர் இருந்தால்தானே சித்திரம் எழுத முடியும்?

இன்னொன்றும் நடந்தது. எல்லோரும் கொரோனாவைக் கவனித்தபோது, மற்ற நோய்கள் கவனிப்பு இல்லாமல் கிடந்தன. 2019-ல் இந்தியாவில் சுமார் 24 லட்சம் காசநோயாளிகள் பதிவானார்கள். 2020-ல் பதிவானவர்கள் சுமார் 18 லட்சம். நோய் குறைந்ததால் அல்ல. ஊரடங்கில் ஆஸ்பத்திரிக்கு வர முடியவில்லை. கண்டுபிடிக்காத காசநோய் வீட்டிலேயே இருமிக்கொண்டிருந்தது. அது மற்றவர்களுக்கும் பரவும். உழைக்கும் வயதில் உள்ளவரைத்தான் அதிகம் முடக்கும்.

இரண்டாவது இழப்பு: கருவி

அந்த நெசவுக் குடும்பத்துக்கு மறுபடி வருவோம். ஆஸ்பத்திரிச் செலவுக்கு மனைவியின் நகை அடகுக் கடைக்குப் போயிற்று. அதுவும் போதவில்லை. வட்டிக்குக் கடன் வாங்கினார்கள். இரண்டு தறிகள் சும்மா நிற்கின்றன. வட்டிக்காரர் வாசலில் நிற்கிறார். பழைய இரும்பு விலைக்கு இரண்டு தறிகளையும் விற்றார்கள்.

ஒரு வருஷம் கழித்துக் கணவருக்கு உடம்பு தேறியது. நான்கு தறி பார்க்க இப்போது தெம்பு இருக்கிறது. ஆனால் வீட்டில் இரண்டு தறிதான் இருக்கிறது.

நோய் உடம்பை விட்டுப் போனது. ஆனால் நஷ்டம் தறி வழியாக வீட்டிலேயே தங்கிவிட்டது. கறவை மாட்டை விற்றவர், ஆட்டோவைக் கடன்காரரிடம் விட்டவர், தையல் இயந்திரத்தை அடகு வைத்தவர் எல்லோர் கதையும் இதுதான். அரிசியை விற்றால் ஒரு வேளைச் சோறு போகும். கருவியை விற்றால் பல வருஷத்துச் சோறு போகும்.

மூன்றாவது இழப்பு: கைத்தொழில்

திருப்பதிக்குப் பக்கத்தில் ஸ்ரீகாளஹஸ்தி. அந்த ஊரின் கலம்காரித் துணி உலகப் புகழ் பெற்றது. மூங்கில் குச்சியின் நுனியைச் சீவி, மேலே துணி சுற்றி, அதையே பேனாவாக்கித் துணியில் சித்திரம் எழுதுவார்கள். முதலில் துணியைக் கடுக்காயும் பாலும் கலந்த நீரில் ஊற வைப்பார்கள். பழைய இரும்பையும் வெல்லத்தையும் நீரில் ஊற வைத்துக் கறுப்பு மை எடுப்பார்கள். படிகாரம் போட்டால்தான் சிவப்பு நிறம் பிடிக்கும். எத்தனை நாள் ஊற வேண்டும், எப்போது அலச வேண்டும் என்பது கைக்குத்தான் தெரியும். பல வருஷம் பழகினால்தான் அந்தக் கை வரும்.

கொரோனாக் காலத்தில் கண்காட்சிகள் நின்றன. வெளியூர் ஆர்டர்கள் நின்றன. இப்படிப்பட்ட சமயத்தில் கைவினைஞர் ஒருவர் கூலி வேலைக்குப் போனால் என்ன ஆகும்? அன்றைய சோறு கிடைக்கும். ஆனால் அவரிடம் கற்க வேண்டிய அடுத்த ஆள் கற்கமாட்டார். பத்து வருஷத்தில் பழகிய தொழில் மறந்து போக இரண்டு வருஷம் போதும்.

நான்காவது இழப்பு: படிப்பு

நான்காவது இழப்புதான் மிக நீளமானது. அது அடுத்த தலைமுறைக்குப் போகிறது.

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன. ஆந்திராவில் அந்த ஆண்டு நவம்பரில் பெரிய வகுப்புகள் தொடங்கின. 2021-ல் இரண்டாவது அலை வந்தபோது மறுபடியும் மூடினார்கள். ஆகஸ்ட் 16-ஆம் தேதி மீண்டும் திறந்தார்கள். இடையில் பாடம் செல்போனில் நடந்தது. வீட்டில் நல்ல செல்போன் இருந்த பிள்ளை படித்தது. இல்லாத பிள்ளை படிக்கவில்லை.

விளைவு என்ன? பிரதம் என்ற அமைப்பு நாடு முழுவதும் கிராமத்துப் பிள்ளைகளைப் படிக்கச் சொல்லிப் பார்க்கிறது. மூன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் இரண்டாம் வகுப்புப் பாடத்தைக் கொடுப்பார்கள். 2018-ல் நூற்றுக்கு 27 பேர் படித்தார்கள். 2022-ல் அது நூற்றுக்கு 20 ஆகக் குறைந்தது.

எழுதப் படிக்கத் தெரியாமல் இருப்பதன் கஷ்டத்தைப் பெரியவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. பஸ் போர்டைப் பிறரிடம் கேட்க வேண்டும். கடன் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் கைநாட்டு வைக்க வேண்டும். கூலிக் கணக்கைப் பிறர் சொன்னபடி நம்ப வேண்டும். படிக்காத பிள்ளை வளர்ந்து வேலைக்குப் போகும்போது அதன் கூலியும் குறையும்.

அந்த நெசவாளியின் மகனை எண்ணிப் பாருங்கள். அப்பாவால் முடியவில்லை என்று அவன் எட்டாம் வகுப்போடு தறிக்கு வந்துவிட்டான். பள்ளி திறந்தபோது அவன் திரும்பிப் போகவில்லை. அந்த வருஷம் அவன் கூலி குடும்பத்தைக் காப்பாற்றியது. ஆனால் அவனுடைய நாற்பது வருஷ வருமானத்திலிருந்து அது எடுக்கப்பட்டது.

பிறக்காத பிள்ளையைக்கூட நோய் தொடும். 1918 காய்ச்சலின்போது அமெரிக்காவில் தாயின் வயிற்றில் இருந்த பிள்ளைகளைப் பற்றி டக்ளஸ் ஆல்மண்ட் என்பவர் ஆராய்ந்தார். 2006-ல் அது வெளியானது. அந்தப் பிள்ளைகள் வளர்ந்தபோது, பள்ளிப் படிப்பை முடித்தவர்கள் மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தார்கள். ஆண்களின் வருமானமும் நூற்றுக்கு 5 முதல் 9 ரூபாய் வரை குறைவாக இருந்தது. அவர்கள் அந்தக் காய்ச்சலைக் கண்ணால் பார்த்ததே இல்லை!

போனதை மீட்க முடியுமா?

முடியும். ஆனால் தானாக மீளாது. கவனித்தால்தான் மீளும்.

மேலே சொன்ன படிப்புக் கணக்கையே பாருங்கள். 2022-ல் நூற்றுக்கு 20 ஆக இருந்தது. ஆசிரியர்கள் அடிப்படையிலிருந்து மறுபடி சொல்லிக் கொடுத்தார்கள். 2024-ல் அது மறுபடியும் 27 ஆயிற்று. பள்ளிக்கு வந்த பிள்ளை மீண்டது. பள்ளிக்கே வராத பிள்ளை இந்தக் கணக்கில் இல்லை. அதைத் தேடிப் போய்த்தான் அழைத்து வர வேண்டும். வயது போய்விட்டது என்று விட வேண்டாம். திறந்தநிலைப் பள்ளி மூலம் பத்தாம் வகுப்புத் தேர்வை எழுதலாம்.

காசநோயிலும் அப்படித்தான். வீடு வீடாகத் தேடினார்கள். 2022-ல் பதிவானவர்கள் மறுபடியும் 24 லட்சத்தைத் தாண்டினார்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளியைச் சோதிக்க வேண்டும். சோதனையும் மருந்தும் அங்கே இலவசம். சத்துணவுக்காக மாதம் 500 ரூபாய் தந்துவந்தார்கள். 2024 நவம்பரிலிருந்து அது 1,000 ரூபாய் ஆயிற்று. மருந்தைப் பாதியில் நிறுத்தக் கூடாது.

கருவியைக் காப்பதற்கும் வழி உண்டு. நோய்க் காலத்தில் சோற்றுக்கு வழி இருந்தால் கருவியை விற்க வேண்டியிருக்காது. 2020 ஏப்ரல் முதல் ரேஷனில் ஆளுக்கு மாதம் 5 கிலோ தானியம் கூடுதலாக இலவசமாகக் கிடைத்தது. 2020-21-ல் கிராம வேலை உறுதித் திட்டத்தில் 389 கோடி மனித நாட்கள் வேலை நடந்தது. அதுவரை இல்லாத அளவு அது. அந்தக் கூலி எத்தனையோ வீடுகளில் மாட்டையும் தறியையும் காப்பாற்றியிருக்கும்.

பெண்களின் சேமிப்புச் சங்கங்களும் ஒரு பெரிய காவல். ஆந்திராவில் பலர் அதை 'டுவாக்ரா' என்று இன்றும் சொல்கிறார்கள். சங்கத்தில் குறைந்த வட்டிக்குக் கடன் கிடைத்தால், கந்து வட்டிக்காரரிடம் தறியை இழக்க வேண்டாம். நெருக்கடியில் முதலில் எதை விற்பது என்பதையும் வீட்டில் எல்லோரும் பேசி முடிவு செய்ய வேண்டும். சம்பாதித்துத் தரும் பொருள் கடைசியில்தான் போக வேண்டும்.

தேறி வந்தவரை உடனே பழைய வேலைக்கு விரட்டக் கூடாது. முதலில் இரண்டு தறி. சிறிது தெம்பு வந்ததும் மூன்று. பிறகு நான்கு. மூச்சு வாங்குவது நிற்கவில்லை என்றால் டாக்டரிடம் காட்ட வேண்டும். 'சோம்பேறி' என்று பேசக் கூடாது. அது சோம்பல் அல்ல. நோயின் மிச்சம்.

இவற்றில் ஒன்று இரண்டு நடந்திருந்தால்கூட அந்த நெசவு வீட்டில் நான்கு தறியும் ஓடிக்கொண்டிருக்கும். மகன் கல்லூரி வாசலில் நிற்பான்.

1918-ல் காய்ச்சல் போனதும் எல்லாம் முடிந்தது என்று நினைத்தார்கள். தரிசாகக் கிடந்த நிலம் வேறு கதை சொன்னது. அடுத்த முறை ஒரு நோய் வந்து போனால், எத்தனை பேர் இறந்தார்கள் என்று கேட்பதோடு நிறுத்த வேண்டாம். எத்தனை பேருக்கு மூச்சு வாங்குகிறது, எத்தனை தறிகள் விற்கப்பட்டன, எத்தனை பிள்ளைகள் பள்ளிக்குத் திரும்பவில்லை என்றும் ஊர் கேட்க வேண்டும்.

கலந்து பேசுங்கள்

1. கொரோனாவுக்கு முன் உங்கள் தெருவில் நடந்த எந்தத் தொழில் இப்போது நடக்கவில்லை? ஏன்?

2. கடனுக்காகக் கருவியையோ மாட்டையோ விற்ற குடும்பம் உங்கள் ஊரில் உண்டா? அவர்களுக்குச் சங்கம் எப்படி உதவலாம்?

3. அந்த நாட்களில் பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகளின் பெயர்களை எழுதுங்கள். அவர்களை மறுபடி படிக்க வைக்க யாரைப் பார்க்க வேண்டும்?

4. நோயிலிருந்து தேறி, இன்னும் பழையபடி வேலை செய்ய முடியாதவர் உங்கள் வீட்டில் இருக்கிறாரா? அவர் கடைசியாக டாக்டரைப் பார்த்தது எப்போது?